புகையானுக்குப் பெயர் வந்த வரலாறு

நெல் விளையும் நம் சிற்றூர்களில் 'புகையான்' என்ற சொல்லைக் கேட்டு அஞ்சாத உழவர் இலர். பசுமை குன்றாது நின்ற வயலின் நடுவே ஒரு வட்டம் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பேறும், சில நாட்களுக்குள் புகை படிந்த ஓலையைப்போல் கருகித் தரையிற் சாயும். அந்த வட்டம் நாளுக்கு நாள் அகன்று, அறுவடையை எதிர்நோக்கி இருந்தவர் கையில் நல்ல வைக்கோலும் மிஞ்சாதபடி செய்துவிடும். இத்தனை அழிவையும் செய்வது அரிசி மணியினும் சிறிய, பழுப்பு நிறமுள்ள ஒரு தத்துப்பூச்சி. அது விளைக்கும் அழிவின் தோற்றத்தைக் கண்டு உழவர் அதற்கு இட்ட பெயரே புகையான் என்பது.

இதே பூச்சிக்கு விஞ்ஞான உலகம் வழங்கும் பெயர் 'நீலபர்வதா லூகென்ஸ்'. முற்பகுதி வடமொழி, நீலமலை என்பது அதன் பொருள். பிற்பகுதி இலத்தீன், துக்கம் காப்பது என்பது அதன் பொருள். நெற்பயிரைத் தின்னும் பூச்சிக்கு இப்படியொரு கலப்புப் பெயர் எவ்வாறு வந்தது? ஜாவாவிலிருந்து சென்று ஸ்வீடனில் பெயர் பெற்று, இலங்கையிலிருந்து சென்று ஆங்கில நாட்டில் மறுபெயர் பெற்று, பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவில் வழக்குத் தீர்ந்த கதை அது. ஒரு பூச்சியைப் புதிய சிற்றினம் என்று கண்டு, விவரித்து, பெயரிட்டுப் பதிவு செய்தல் ஏட்டுப் படிப்பாளரின் பொழுதுபோக்கு என்று நினைப்போர் உண்டு. அது நம் சோற்றோடு எவ்வளவு நெருங்கிய உறவுடையது என்பதை இப்பூச்சியின் வரலாறு காட்டுகிறது.

முதலில், புதிய சிற்றினத்தை விவரித்தல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஒரு பூச்சியைப் பிடிக்கிறார். அதுவரை எழுதப்பட்ட நூல்கள் அனைத்தையும் பார்க்கிறார்; அருங்காட்சியகங்களில் உள்ள பூச்சிகளோடு ஒப்பிடுகிறார். எதனோடும் அது ஒத்து வரவில்லையென்றால், அதன் அடையாளங்களை எழுதி, இரண்டு சொற்களாலான பெயரொன்றை இட்டு, அச்சிட்டு வெளியிடுகிறார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும்; இரண்டாவது சிற்றினத்தைக் குறிக்கும். விலங்குகளுக்கு இம்முறையை நிலைநாட்டியவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பே விலங்குப் பெயர்களுக்கெல்லாம் தொடக்க எல்லை.

எழுத்தில் வடித்த விவரம் மட்டும் போதாது. எந்த ஒரு பூச்சியைப் பார்த்து அந்த விவரம் எழுதப்பட்டதோ, அந்தப் பூச்சியே ஊசியிற் குத்தப்பட்டு, சீட்டு இணைக்கப்பட்டு, அருங்காட்சியகத்தில் என்றும் காக்கப்பட வேண்டும். அதனை மூலமாதிரி என்கிறோம். நிலத்துக்கு எல்லைக்கல் எப்படியோ, பெயருக்கு மூலமாதிரி அப்படி. பத்திரத்தில் எழுதியதைப் பற்றி இருவர் வழக்காடினால், கல் நட்ட இடத்துக்குச் சென்று பார்ப்பதைப்போல, பெயரைப் பற்றி ஐயம் எழுந்தால் அறிஞர் மூலமாதிரியை எடுத்துப் பார்ப்பர். ஒரே பூச்சிக்கு இருவர் இரு பெயர் இட்டிருந்தால், முதலில் பதிவான பெயரே செல்லும் என்பது பொதுவிதி.

இனி நம் பூச்சியிடம் வருவோம். 1854-ஆம் ஆண்டில் கார்ல் ஸ்டோல் என்னும் ஸ்வீடன் நாட்டு இளைஞர், சாறுறிஞ்சும் பூச்சிகளுள் புதியவை சிலவற்றை விவரித்துக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. ஜாவாத் தீவிலிருந்து வந்த ஒரு தத்துப்பூச்சியும் அவற்றுள் ஒன்று. அதனை 'டெல்பாக்ஸ் லூகென்ஸ்' என்று பெயரிட்டுச் சில வரிகளில் இலத்தீன் மொழியில் விவரித்தார். பிற்காலத்தில் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தின் பூச்சியியல் பகுதியைப் பேணி, சாறுறிஞ்சும் பூச்சிகளைப் பற்றி உலகம் போற்றும் அறிஞரானார் அவர், 1878-இல் மறைந்தார். தாம் பெயரிட்ட அந்தப் பூச்சி ஆசியாவின் அன்னக்கலத்தையே ஒருநாள் அசைக்கப் போகிறது என்பதற்கு அவர் காலத்தில் ஒரு குறிப்பும் இருக்கவில்லை.

ஸ்டோல் கட்டுரை வெளியிட்டு அரை நூற்றாண்டு கழிந்தது. இதற்கிடையில் இந்தியாவிலும் இலங்கையிலும் பர்மாவிலும் உள்ள விலங்குகளையெல்லாம் வரிசைப்படுத்தி நூலாக்கும் பெருமுயற்சியொன்று ஆங்கில ஆட்சியினரால் தொடங்கப் பெற்றிருந்தது. பிளான்போர்டு என்பார் முதற் பதிப்பாசிரியராக இருக்க, 1888-ஆம் ஆண்டில் பாலூட்டிகள் பற்றிய பகுதி முதலில் வெளியாயிற்று. சாறுறிஞ்சும் பூச்சிகளைப் பற்றி எழுதும் பொறுப்பு வில்லியம் டிஸ்டண்ட் என்னும் ஆங்கில அறிஞரிடம் விடப்பட்டது. 1902 முதல் 1918 வரை ஏழு தொகுதிகளை அவர் எழுதி முடித்தார். இந்நாட்டுத் தத்துப்பூச்சிகளைப் பற்றி ஆராயப் புகுவோர் இன்றும் அந்தத் தொகுதிகளைத் தள்ளிவிட்டு நடக்க இயலாது.

1906-இல் வெளியான மூன்றாம் தொகுதியில், இலங்கையிலிருந்து வந்த ஒரு சிறு தத்துப்பூச்சியை டிஸ்டண்ட் விவரித்தார். அதற்கு இடம் தரத்தக்க பேரினம் இல்லையென்று கருதிப் புதிய பேரினமொன்றை வகுத்து, அதற்கு 'நீலபர்வதா' என்று பெயரிட்டார். இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியல் அறிஞராக இருந்த எர்னஸ்ட் கிரீன் என்பவரின் பெயரைச் சிற்றினத்துக்குச் சூட்டி, 'நீலபர்வதா கிரீனை' என்று எழுதி வைத்தார். அறிஞருக்கு நன்றி பாராட்ட அவர் பெயரைப் பூச்சிக்கு வைப்பது இத்துறையில் நெடுநாள் வழக்கம்.

இவ்வாறு ஒரே பூச்சி இரண்டு பெயர்களோடு இரண்டு ஏடுகளில் வாழத் தொடங்கியது. மாநிலம் கடந்து வாழும் தமிழருக்கு இது விளங்காததன்று. ஊரில் தலையெழுத்தோடு தம் பெயர் சொல்லி வாழ்ந்தவர், தில்லியிலோ மும்பையிலோ அலுவலகப் படிவம் நிரப்பும்போது, தந்தை பெயர் குடும்பப் பெயராகி மாறி நிற்பதைக் காண்கிறார். ஆள் ஒருவரே, ஏடுகளில் இருவர். இரண்டும் ஒருவரே என்று சான்று காட்டி நிறுவும் வரை, ஓர் ஏட்டிலுள்ள செய்தி மற்றோர் ஏட்டுக்குப் பயன்படாது. பூச்சிக்கும் அப்படியே. ஜாவாப் பூச்சியைப் பற்றி ஒருவர் கண்டறிந்த உண்மை, இலங்கைப் பூச்சியை ஆராய்பவர் கண்ணில் படாமலே போகும்.

அந்தச் சான்றை ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டங்களுக்காகப் பணியாற்றிய பிரெடரிக் மியூர், வால்டர் கிஃபார்ட் என்ற இருவர் தேடித் தந்தனர். தத்துப்பூச்சிகளுள் இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பின்னங்காலின் கீழ்நுனியில், சேவலின் காலில் உள்ளதைப்போல் ஒரு முள் இருக்கும். சேவலின் முள் அசையாது, இதன் முள் அசையும். அதனினும் நுண்ணியதோர் அடையாளம் நீலபர்வதா பேரினத்துக்கு உண்டு. பின்னங்காற் பாதத்தின் முதற் கணுவில் மிகச்சிறிய பக்கமுட்கள் காணப்படும். பூதக்கண்ணாடியின் துணையின்றிப் பார்க்கவியலாத இந்த முட்களே பேரினத்தை அறுதியிடுகின்றன. 1924-இல் வெளியான தம் ஆராய்ச்சியில் மியூரும் கிஃபார்டும் ஸ்டோலின் லூகென்ஸை நீலபர்வதாப் பேரினத்தில் சேர்த்தனர். கிரீனை என்ற சிற்றினப் பெயர் பிந்தியதாதலின் பின்னர்த் தள்ளுண்டது. பேரினப் பெயர் டிஸ்டண்டினது, சிற்றினப் பெயர் ஸ்டோலினது என்று முடிவாகி, வடமொழியும் இலத்தீனும் கைகோத்து நின்றன.

கரும்புத் தோட்டங்களுக்கு உழைத்தவர் நெற்பூச்சியின் பெயரைப் பற்றி ஏன் கவலை கொண்டனர் என்று கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. 1900-ஆம் ஆண்டை ஒட்டி ஹவாய்த் தீவுகளின் கரும்பில், அதுவரை அங்கே அறியப்படாத ஒரு தத்துப்பூச்சி பெருகி, சில ஆண்டுகளுக்குள் தோட்டம் தோட்டமாக அழித்தது. 1903-இல் கிர்க்கால்டி என்னும் அறிஞர் அதைப் புதிய சிற்றினம் என்று விவரித்து, அங்கே பூச்சியாராய்ச்சி செய்துவந்த பெர்க்கின்ஸ் என்பவரின் நினைவாக 'பெர்க்கின்சியெல்லா சக்கரிசிடா' என்று பெயரிட்டார். இரண்டாம் சொல்லுக்குக் கரும்பைக் கொல்வது என்று பொருள். அடையாளம் திட்டமானவுடன், அதே பூச்சி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்பில் உண்டு என்பதும், அங்கே அது இத்தகைய பெருநாசம் செய்வதில்லை என்பதும் தெளிவாயின. பிறந்த இடத்தில் அடங்கிக் கிடக்கும் பூச்சி வந்த இடத்தில் கொழுத்தால், பிறந்த இடத்தில் அதை அடக்கி வைக்கும் பகை ஏதோ உண்டு என்பது பொருள் அன்றோ?

1904-இல் பெர்க்கின்ஸும் கோபெல் என்பவரும் குயின்ஸ்லாந்து சென்று, தத்துப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவிகளைக் கொண்டு வந்தனர். ஓரளவு பயன் விளைந்தது. 1920-இல் மியூர், தத்துப்பூச்சியின் முட்டைகளை உறிஞ்சியே வாழும் சிறு நாவாய்ப்பூச்சி ஒன்றைக் கொண்டு வந்து விட்டார். சில ஆண்டுகளில் தோட்டங்கள் தலைநிமிர்ந்தன. மருந்து தெளிக்காமல், பகையைக் கொண்டே பகையை வென்ற இந்த வெற்றிக்கு முதற்படி, 'இஃது இன்ன பூச்சி' என்று பெயரிட்டு உறுதி செய்ததே. பெயர் தெரியாதிருந்தால் எந்த நாட்டுக்குப் போய், எதைத் தேடுவது?

நம் நாட்டுக் கரும்புக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் வாழும் அன்பர்கள் 'பைரில்லா' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். வைக்கோல் நிறமும் நீண்ட மூக்கும் கொண்ட அந்தத் தத்துப்பூச்சியை 1851-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் பட்டியலில் பிரான்சிஸ் வாக்கர் விவரித்தார். அதன் உடலில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி அழிக்கும் அந்துப்பூச்சி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அதனை பெயின்பிரிக் பிளெட்சர் 1939-இல் விவரித்துப் பெயரிட்டார். பிற்காலத்தில் அந்த அந்தின் முட்டைகளையும் கூடுகளையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சென்று கரும்பில் விட்டுப் பைரில்லாவை அடக்கும் வழக்கம் பல மாநிலங்களில் பரவியது. பகைக்கும் பெயர் வேண்டும். பகையின் பகைக்கும் பெயர் வேண்டும்.

இப்போது நெல்வயலுக்குத் திரும்புவோம். ஜப்பானியர் இப்பூச்சிக் கூட்டத்தை நெடுங்காலமாக அறிந்தவர்கள். 1732-ஆம் ஆண்டில் மேற்கு ஜப்பானை வாட்டிய கொடும் பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகள் பெருங்காரணம் என்று அவர்கள் வரலாறு கூறுகிறது. வயல்நீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரை அசைத்துப் பூச்சிகளை எண்ணெயில் விழச்செய்து கொல்வது அவர்களுடைய பழைய வழக்கம். குளிர்காலத்தில் ஜப்பானில் உயிர் தாங்காத இந்தப் பூச்சிகள் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1967-இல் பசிபிக் கடலில், கரையிலிருந்து வெகு தொலைவில் நின்ற வானிலைக் கப்பலின்மீது தத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாக வந்து விழுந்தன. கடல் கடந்து, காற்றின் வழியே அவை வருகின்றன என்பது அதனால் விளங்கிற்று. இப்பூச்சியில் நீண்ட சிறகு உடையவையும் குறுஞ்சிறகு உடையவையும் உண்டு. குறுஞ்சிறகு உடையவை இருந்த இடத்திலே பெருகும். கூட்டம் நெருங்கிப் பயிர் முற்றியபோது நீண்ட சிறகு உடையவை தோன்றிப் பறக்கும்.

நம் நாட்டில் புகையான் நெடுங்காலம் சிறு தொல்லையாகவே இருந்தது. நிலைமை மாறியது 1960-களின் பிற்பகுதியில். 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து இத்தகைய நெல்வகைகள் நாடெங்கும் பரவின. நெருங்கிய நடவு, மிகுந்த தழைச்சத்து உரம், இடைவிடாத சாகுபடி, மேன்மேலும் பூச்சிமருந்து ஆகியவை அவற்றோடு கூடவே வந்தன. பஞ்சத்தைத் தடுத்த பெருமை அந்த நெல்லுக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பூச்சிக்கும் அது நல்ல விருந்தாயிற்று. 1973-74-ஆம் பருவத்தில் கேரளத்தின் குட்டநாடு முதலிய பகுதிகளில் புகையான் பல்லாயிரம் ஹெக்டேர் நெல்லை அழித்தது. அதே பத்தாண்டுகளில் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் இப்பூச்சியால் அல்லலுற்றன.

அந்த நெருக்கடியில்தான் ஸ்டோலின் சில வரி இலத்தீன் எதற்கு என்பது புலனாயிற்று. கேரளத்தில் அழித்ததும், ஜாவாவில் அழித்ததும், ஜப்பானுக்குக் கடல் கடந்து பறந்ததும் ஒரே சிற்றினம் என்பது முன்னமே உறுதியாகியிருந்தமையால், ஜப்பானியர் பல தலைமுறையாகத் திரட்டிய அறிவெல்லாம் ஒரு பெயரின் கீழ் ஒருங்கே கிடைத்தது. பூச்சி முட்டையை எங்கே வைக்கிறது, எத்தனை நாளில் பொரிகிறது, எந்தக் காற்றில் பறக்கிறது என்பவற்றையெல்லாம் இந்திய அறிஞர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. பெயரென்பது செய்திகளைத் தொங்கவிடும் கொம்பு. கொம்பு இல்லையேல் செய்திகள் சிதறிப்போம்.

பூச்சியைத் தாங்கும் நெல் உண்டா என்று அறிஞர் தேடினர். இந்தியாவிலிருந்து சென்ற 'முட்கோ' என்ற நெல்லில் ஒரு மரபுக்கூறும், நம் திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திர ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏ.எஸ்.டி. 7 என்ற நெல்லில் மற்றொரு மரபுக்கூறும் புகையானைத் தாங்குவதாக 1971-இல் பிலிப்பைன்ஸ் நிலையத்தார் அறிவித்தனர். முட்கோவின் மரபுக்கூறு சேர்ந்த ஐ.ஆர். 26 என்ற நெல் 1973-இல் வெளியிடப்பட்டது. முதலில் அது நன்றாகவே நின்றது. ஆனால் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நெல்லையும் உண்ணும் பூச்சிக்கூட்டம் தோன்றிவிட்டது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் பூச்சியைத் தாங்கிய முட்கோவும் ஏ.எஸ்.டி. 7-உம், தாம் பிறந்த இந்திய மண்ணின் பூச்சிக்கு முன் தோற்றன. ஆனால் பாலக்காட்டுச் சீமையின் பட்டாம்பியில் தேர்ந்தெடுத்த பி.டி.பி. 33 என்ற நெல்லும், இலங்கையின் 'ரத்து ஹீனட்டி' என்ற நெல்லும் இங்கும் தாங்கி நின்றன. பெயரும் வடிவும் ஒன்றாயிருக்க, பூச்சிக்குப் பூச்சி இயல்பு வேறாயிருக்கக் கண்ட அறிஞர், 'இவை உண்மையில் ஒரே சிற்றினந்தானா?' என்று மீண்டும் கேட்கத் தொடங்கினர். 1854-இல் எழுந்த வினாவே 1970-களில் மறுபடியும் எழுந்தது. இம்முறை பல கோடி மக்களின் உணவு அதற்குரிய விடையைப் பொறுத்திருந்தது.

விடை தேடிய வழிகளுள் ஒன்றை வானொலி கேட்பவர் சிறப்பாக விரும்புவர். இத்தத்துப்பூச்சிகள் இணையை அழைக்க ஒலி எழுப்புகின்றன. அது காற்றில் வரும் ஒலியன்று. வயிற்றை அதிரச் செய்து, நெல்தண்டின் வழியே அனுப்பும் அதிர்வு. மனிதச் செவிக்கு அது எட்டாது. பிரிட்டனின் கார்டிப் நகரில் கிளாரிட்ஜ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980-களில் அந்த அதிர்வுகளைக் கருவியில் பதிவு செய்து ஒப்பிட்டனர். நெல்லில் வாழும் பூச்சிகளும், நெல்லுக்கு உறவான லீர்சியா என்ற நீர்ப்புல்லில் வாழும் பூச்சிகளும் வடிவத்தில் ஒன்றுபோல் இருந்தபோதிலும், அழைக்கும் தாளத்தில் வேறுபட்டன. ஒன்றின் அழைப்பை மற்றொன்று பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே அவை தனித்தனிச் சிற்றினங்களாகவே கருதத்தக்கவை என்று அவர்கள் கூறினர். ஆனால் ஐ.ஆர். 26-ஐ உண்டதும் உண்ணாததும் அவ்வாறு பிரிந்தவையல்ல; அவை ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் வேற்றுமைகளே என்பது அவர்கள் முடிவு. அதன் பொருள் யாது? புல்லில் வாழும் பூச்சியைக் கண்டு உழவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒரே மரபுக்கூறை நம்பி நாடு முழுவதும் ஒரே நெல்லை விதைத்தால், பூச்சி அதை வென்றுவிடும் என்று அஞ்ச வேண்டும்.

அடையாளம் அறியாமையின் தீங்கு மற்றொரு வகையிலும் வெளிப்பட்டது. புகையான் வாழும் அதே தண்டடியில், அதன் முட்டைகளை உறிஞ்சி வாழும் பச்சை நிற நாவாய்ப்பூச்சி ஒன்றும் உண்டு. ஹவாய்க் கரும்பைக் காத்த பூச்சிக்கு அது நெருங்கிய உறவு. அதனையும் சிலந்திகளையும் பகையென்று மயங்கி, கண்டதற்கெல்லாம் மருந்து தெளித்தபோது, காவலர் மடிந்தனர். முட்டையாக இலையுறைக்குள் மறைந்திருந்த கள்வர் பிழைத்தனர். தெளித்த வயலிலேயே புகையான் மிகுதியாகப் பெருகியது. இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்து, எந்தப் பூச்சி நண்பன், எந்தப் பூச்சி பகைவன் என்று உழவருக்கு வயலிலேயே கற்பிக்கும் வழியை மேற்கொண்டது. பெயரறிவு அருங்காட்சியகத்தை விட்டு வரப்புக்கு வந்த காலம் அது.

இனி நம் நாட்டில் இப்பணி நடைபெறும் இடங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் வாழும் அன்பர்கள் இந்திய அருங்காட்சியகத்தை அறிவார்கள். அதன் விலங்கியல் பகுதியிலிருந்து 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை தோன்றியது. தில்லியில் வாழ்வோர் பூசா என்ற பகுதியை அறிவார்கள். பூசா என்பது உண்மையில் பிகாரிலுள்ள ஓர் ஊர். 1905-இல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் சிதைந்தபின் 1936-இல் தில்லிக்கு மாறியது. பழைய ஊரின் பெயரையும் தன்னோடு கொண்டு வந்துவிட்டது. குடிபெயர்ந்தவர் ஊர்ப்பெயரை விடாது காப்பது மனிதருக்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்! அந்நிலையத்தில் பெருந்தொகுதியான பூச்சிகள் பேணப்படுகின்றன.

அங்கு ஒரு தத்துப்பூச்சியைப் புதியதென்று நிறுவ விரும்புபவர் இன்று என்ன செய்கிறார்? ஆண் பூச்சியின் வயிற்று நுனியைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, கிளிசரின் துளியில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் உறுப்புகளை வரைகிறார். புறத்தோற்றத்தில் பிரிக்கவியலாத சிற்றினங்கள் அந்த உறுப்புகளிலே வேறுபடும். பிறகு மரபணுவின் ஒரு பகுதியைப் படித்து ஒப்பிடுகிறார். இதில் அவருக்கு நேரும் பெரிய இடர், நம் நாட்டுப் பூச்சிகளின் பழைய மூலமாதிரிகளுட் பல நம் நாட்டில் இல்லாமையே. டிஸ்டண்ட் விவரித்தவற்றைக் காண லண்டனுக்குச் செல்ல வேண்டும், அல்லது படத்தை வரவழைக்க வேண்டும். பாட்டன் நிலத்தின் எல்லைக்கல் அயலூரில் கிடப்பதைப் போன்றது இது. நாடு விடுதலை பெற்றபின் இந்திய அறிஞர் விவரித்த சிற்றினங்களின் மூலமாதிரிகள் நம் நிலையங்களிலேயே வைக்கப்படுவதால், பின்வருவோருக்கு இவ்விடர் சிறிது சிறிதாகக் குறையும்.

உலகில் இதுவரை பெயர் பெற்ற இவ்வகைத் தத்துப்பூச்சிகள் 12,000-க்கும் மேற்பட்டவை. புகையான் சேர்ந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 2,000-க்கும் மேலுள்ளன. பெயர் பெறாதவை இன்னும் காட்டிலும் புல்வெளியிலும் வாழ்கின்றன. பிடிபட்டும் பெயர் பெறாதவை அருங்காட்சியகப் பெட்டிகளில் காத்திருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்து மறையும். எது நாளை பகையாகும், எது பகையை அடக்கும் துணையாகும் என்று இன்று எவராலும் கூற இயலாது. ஸ்டோலும் அறியவில்லை, டிஸ்டண்டும் அறியவில்லை. அறியாமலே அவர்கள் அப்பணியைத் திருத்தமாகச் செய்து வைத்தமையால் பின்னாளில் நாம் பயன் பெற்றோம்.

புகையான் என்னும் பெயர் பூச்சியால் விளைந்த துன்பத்தைச் சொல்கிறது. நீலபர்வதா லூகென்ஸ் என்னும் பெயர் பூச்சியையே சுட்டுகிறது. முன்னது உழவர் ஒருவர் தம் அண்டை வயலாருக்குச் சொல்லும் எச்சரிக்கை. பின்னது ஜப்பானியரும் ஜாவாக்காரரும் தமிழரும் ஒரே பூச்சியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதற்கு உறுதி. இவ்விரண்டில் எதை இழந்தாலும் நெல் காக்கப்படாது. ஆகவே, காலணா அளவும் இல்லாத ஒரு பூச்சியின் காலிலுள்ள முள்ளை எண்ணிக்கொண்டு ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிடுகிறார் என்று கேள்விப்பட்டால், அவரை எள்ளாமல், அவருக்கு வேண்டிய நூலும் கருவியும் நிலையமும் குறைவின்றிக் கிடைக்கச் செய்வது நாட்டின் கடமையாகும்.